நல்லெண்ணெய் குடித்த சாக்ஸபோன்

ஜோதியின் சாக்ஸபோனுக்குள் நல்லெண்ணெய் விட்டவன் நான்தான். பொறாமையில் செய்தேன் என்றாலாவது அதில் ஒரு கௌரவம் இருக்கும். பாசத்தில் செய்தேன்.

என் அப்பா நாயனக்காரர். மூங்கில் குச்சி முனையில் துணியைச் சுற்றி, எண்ணெயில் தோய்த்து, நாயனத்துக்குள் விட்டு இழுப்பார். மரம் குடித்துக்கொள்ளும், வெடிக்காது. நான் தவில்காரன், ஜோதிக்குப் பக்கவாத்தியம். ஊதுகிற கருவியைப் பற்றி எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். தெரிந்த ஒன்றையும் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

தொண்ணூற்றெட்டு சித்திரை. மறுநாள் திருச்சி வானொலியில் ஜோதிக்கு ஆடிஷன். தேறினால் கிரேடு கிடைக்கும். கிரேடு இருந்தால் சபாவில் மேடை கிடைக்கும். இல்லையென்றால் கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி கை கழுவும்வரை ஊதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. அவள் அப்பா சாமிதுரைக்கு எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை, முகூர்த்த நாட்களில் பேண்டு செட்டில் கிளாரினெட். மகளும் சினிமாப் பாட்டு வாசிப்பாள் என்று அவர் வாங்கிக் கொடுத்த சாக்ஸபோனில் அவள் வர்ணமும் கீர்த்தனையும் வாசித்தாள். அவள் தோடியை இழுக்கும்போது, பக்கத்தில் தவிலைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதே எனக்கு ஒரு வேலை.

திருச்சிக்கு முதல் பஸ் வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டுக்கு எதிரே நிற்கும். ஆடிஷனுக்கு முந்தின நாள் உதட்டுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று, மத்தியானமே கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் பெட்டியைத் திறந்து, அப்பா மாதிரியே எண்ணெய்த் துணியை உள்ளே விட்டு இழுத்தேன். பித்தளை எண்ணெய் குடிக்காது. அதன் துளைகளை மூடுகிற மூடிகளுக்கு அடியில் தோல் வைத்து ஒட்டியிருப்பது எனக்குத் தெரியாது. அது நன்றாகக் குடித்தது. ஒரு மூடி ஒட்டிக்கொண்டு எழவில்லை. நகத்தால் நெம்பினேன், எழுந்தது. சரியாகிவிட்டது என்று பெட்டியைப் பூட்டினேன்.

மறுநாள் பஸ்ஸில் ஜோதி மூக்கை உறிஞ்சினாள்.

"எண்ணெய் வாசம் அடிக்குதுண்ணே."

"என் தலைதான். தேய்ச்சுக் குளிச்சேன்."

"ஒன் தலையில ஏதுண்ணே முடி?"

"அதான் வாசம் தடையில்லாம வருது."

அவள் சிரித்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். திருச்சியில் கருவி பழுது பார்ப்பவர் இருந்தார், எங்களுக்கு மூன்று மணி நேரமும் இருந்தது. மூடி ஒட்டியது ஞாபகத்தில்தான் இருந்தது. ஆனால் சிரிக்க வைத்துவிட்ட பிறகு ஒரு விஷயத்தைச் சொல்ல என்னால் எப்போதும் முடிந்ததில்லை.

வானொலி நிலையத்து வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். உள்ளே போனவள் சீக்கிரமே வந்துவிட்டாள்.

"விரலை எடுத்தா மூடி எந்திரிக்கலண்ணே. ரெண்டு தடவ நிறுத்தி, நெம்பி நெம்பி வாசிச்சேன். மூணாவது தடவ அவங்களே போதும்னுட்டாங்க." பிறகு கேட்டாள்: "பஸ் எத்தன மணிக்கு?"

பாடாலூர் தாண்டும்போது ஒப்புக்கொண்டேன். குச்சி, துணி, எண்ணெய், என் தலை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "சரி விடுண்ணே," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் இறங்கும் வரைக்குமாவது பேச்சுத் துணை இருந்திருக்கும்.

தேர்வாகவில்லை என்று கடிதம் வந்தது. ஒரு வருஷம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றும் போட்டிருந்தது. தோலை எல்லாம் மாற்றியாயிற்று, கருவி பழையபடி பேசியது. ஜோதி விண்ணப்பிக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் பாட்டு டீச்சராகச் சேர்ந்தாள். அறுபது பிள்ளைகளுக்கு ஓர் ஆர்மோனியம். சுவரில் துண்டுக் காகிதத்தை வைத்துக் கையை எடுத்துவிட்டு, மூச்சாலேயே அது விழாமல் ஊதி நிறுத்தச் சொல்வாள். பிள்ளைகள் அதைச் சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள். முகூர்த்த நாட்களில் நானும் அவளும் கல்யாணங்களுக்குப் போவோம். தோடியை ஆரம்பித்தால் யாராவது வந்து, "ஏதாச்சும் தெரிஞ்ச பாட்டா வாசிங்கம்மா," என்பார்கள். வாசிப்பாள். நான் தலையைக் குனிந்துகொண்டு தவிலை அடிப்பேன்.

என்னால்தான் போச்சா என்று எல்லாரையும் கேட்டேன். சாமிதுரை, "கருவிக்கும் நேரம் காலம்னு ஒண்ணு இருக்குடா தர்மா," என்றார். அவள் அம்மா குஞ்சம்மாள், "சாப்புட்டுட்டுப் போ," என்றார். ஜோதியைக் கேட்டால், "பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே." அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள், மறுவருஷம் திரும்பச் சேர்த்தார்கள், இரண்டாயிரத்து ஏழு கார்த்திகையில் மறுபடி பிரித்தார்கள். ஒரு மாவட்டத்துக்கு மூன்று முடிவு கிடைத்தது. எனக்கு ஒரு பதில் கிடைக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில்தான் பள்ளி ஆண்டு விழா ஒத்திகைக்கு என்னைத் தவிலோடு கூப்பிட்டிருந்தாள். பிள்ளைகள் போன பிறகு, வருகைப் பதிவேட்டுக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். வானொலி நிலையத்திலிருந்து வந்தது. தை மாதம் ஆடிஷன். அவளுக்கு முப்பது வயது ஆகியிருந்தது.

"நானும் வரேன்," என்றேன். "பெட்டிய நீயே தூக்கு. நான் நாலு சீட்டு தள்ளி உக்காந்துக்கறேன்."

"வேணாம்ணே."

"இன்னும் கோவமா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. அன்னைக்கு நான் எண்ணெய் போடலன்னா பாஸ் பண்ணிருப்பியா?"

கடிதத்தை வாங்கி மடித்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பாள் என்று நானே தவிலை எடுக்கக் குனிந்தேன்.

"பண்ணிருப்பேன்," என்றாள்.

தவிலை விட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

"வாசம் வருதேன்னு கேட்டேன் பாரு, அப்ப நீ சொல்லிருந்தாக்கூடப் பண்ணிருப்பேன். அது ஒன் தப்புதாண்ணே. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சரி. அப்பறம் ஒம்பது வருஷம் ஏன் போகல?"

"பயம். நல்லாருக்கற கருவியோட போயி ஃபெயிலானா யாரச் சொல்றது? நீ இருந்த. எனக்கு வசதியா இருந்துச்சு. ஊரு பூரா தர்மண்ணன் எண்ணெயக் கொட்டுச்சுன்னு பேசிச்சு, நானும் பேசாம இருந்துட்டேன். நீ நேருக்கு நேரா கேக்கறப்பல்லாம் பஸ்ஸச் சொல்லித் தப்பிச்சுட்டேன்." கடிதத்தைப் பதிவேட்டுக்குள் வைத்து மூடினாள். "இந்தத் தடவையும் நீ கூட வந்தீன்னா, கெட்டுப் போனா ஒன்னச் சொல்லத்தான் தோணும். அதனாலதான் தனியாப் போறேன்."