பத்து நிமிஷ வேலை

கொழுந்தன் குனிந்து பின்சக்கரத்துக்கடியிலிருந்த செங்கல்லை உருவப் போனபோது அவள் உள்ளிருந்து ஓடிவந்து கத்தினாள்.

“கல்லை எடுக்காதீங்க தம்பி! வண்டியில பிரேக்கே இல்ல!”

காலையிலிருந்து அவள் சத்தமாகப் பேசியது அதுதான். கார் நின்றது வாசலை அடைத்துக்கொண்டு. அங்கிருந்து தெருவரை ஒரே சரிவு. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் கணவரை ஏற்றிக்கொண்டு வேன் வரும். அது வாசல்வரை வர வேண்டுமென்றால் இது நகர வேண்டும்.

“நாலு பேரு புடிச்சு இறக்கிடலாம் அண்ணி.”

“சரிவுல புடிச்சு நிறுத்த நீங்க என்ன பீமனா?”

முப்பது வருடப் பழைய கார். ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியது. அதன் பிரேக்குக்குப் பெரிய மாஸ்டர் சிலிண்டர் வாங்கி மாட்டியிருந்தார் கணவர். “இனிமே மிதிச்சா கல்லு மாதிரி நிக்கும் பாரு” என்று ஒரு மாதமாகச் சாப்பிடும்போதெல்லாம் இதே பேச்சு. பிரேக் ஆயில் குழாய்களில் நிற்கும் காற்றை எடுப்பது மட்டும்தான் பாக்கி; அதுவரை பிரேக் பிடிக்காது. அதற்கு ஒருவர் சக்கரத்தருகே வேண்டும், ஒருவர் பெடலில். பதினெட்டு வருடமாகப் பெடலில் அவள்தான்.

நேற்று மதியம், “பத்து நிமிஷம் வாயேன்” என்றார். அவள் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். “நீங்களாச்சு உங்க காராச்சு, ஆளை விடுங்க” என்று போய்ப் படுத்துவிட்டாள். எழுந்து வந்தபோது அவர் காருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. மடியில் ஸ்பேனர். ஆஸ்பத்திரியில் விடியற்காலையோடு முடிந்துவிட்டது.

“ஆயில் அண்ணனைக் கூப்பிடுங்க. காத்தை எடுத்துட்டு நகர்த்தலாம்.”

“இன்னிக்கா அண்ணி?”

“இன்னிக்குத்தான்.”

ஆயில் அண்ணன் கணவரின் நண்பர், மெக்கானிக். வந்தார், சுவரைப் பார்த்து நின்று அழுதார், மூக்கைச் சிந்திவிட்டு பிரேக் ஆயிலை ஊற்றினார். பிறகு அட்டையைப் போட்டுச் சக்கரத்தடியில் படுத்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். சீட் அவர் உயரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தது. அதை நகர்த்த மனம் வரவில்லை. நுனியில் உட்கார்ந்து பெடலுக்குக் காலை நீட்டினாள்.

“மிதிம்மா.”

மிதித்தாள். பெடல் அடிவரை போயிற்று.

“புடிச்சுக்கோ... ம், விடு.”

மூன்று சக்கரம் முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. தூக்கமில்லாத கண் எரிந்தது.

“பத்து நிமிஷம்தான் கேட்டாருண்ணே. நான் வரல.”

அடியில் ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்டது. அங்கிருந்தே, “மிதிம்மா” என்றார்.

நாலாவது சக்கரத்திலும் காற்றுக் குமிழி வருவது நின்றது. ஆயில் அண்ணன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “இப்ப அழுத்திப் பாரு தங்கச்சி.”

அழுத்தினாள். பெடல் கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. கணவர் சொன்ன மாதிரியே கல்லாக இருந்தது.

கொழுந்தன் செங்கல்லை எடுத்தான். கார் அசையவில்லை. “சூப்பர் அண்ணி!” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கண்ணாடியில், தெருமுனையில் வேன் திரும்புவது தெரிந்தது.

“மெதுவா விடும்மா, உருண்டு போகட்டும்,” என்றார் ஆயில் அண்ணன்.

வேன் வந்து தெருவோரம் நின்றது.

“விடலாம்மா,” என்றார் மறுபடி.

அவள் இன்னொரு காலையும் தூக்கிப் பெடல்மேல் வைத்துக்கொண்டாள்.