மலைக்குப் போன லேப்டாப்

"பொழுதுபோக்கு இன்னா?" என்று கேட்டான் சுதாகர்.

"கோலம்" என்றாள் பானுப்ரியா.

"பெரிய கோலமா?"

"ஆங். பெருசு பெருசா."

பெண் பார்க்க வந்த அன்று நடந்த பேச்சு அது. பக்கத்தில் நின்ற அம்மா முதுகில் கிள்ளியதால் வந்த பதில். உண்மையில் பானு புள்ளி வைத்தால் ஒரு வரிசை கூட நேராக நிற்காது. ஆர்.கே.பேட்டையில் பிறந்த வீட்டில் இருந்தவரை, தம்பி ஸ்ரீதரின் கேமிங் லேப்டாப்பில் கார் ரேஸ் ஓட்டுவதுதான் அவளுக்கு உயிர். கொட்டும் மழையில், பளபளக்கும் மலைப்பாதையில், வளைவுக்கு வளைவு தம்பியை முந்துவாள். அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவான். மாப்பிள்ளை வீட்டில் இதையெல்லாம் உளறி வைக்காதே என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

உளறவில்லை. மார்கழியில் மாமியார் காஞ்சனா ஆசையாகக் கோலமாவு டப்பாவை நீட்டியபோது கூட, மணிக்கட்டு வலி என்று சமாளித்துவிட்டாள்.

திருத்தணியில் அவர்களுக்குப் பவர்லூம் தொழில். சேலை பார்டருக்கு டிசைன் போடுவது பானுவின் வேலை. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டர் போன வாரம் கண்ணை மூடியதும், அவளுக்கென்றே ஒரு லேப்டாப் வாங்கித் தருவதாகச் சொன்னான் சுதாகர். அன்றைக்குத்தான் அவளுக்குள் அந்த மழை ரோடு மறுபடி ஓட ஆரம்பித்தது. இதுதான் சமயம், கேட்டுவிட வேண்டும். ஆனால் வாயைத் திறந்தால் முதுகில் அம்மாவின் கிள்ளல் சுருக்கென்றது.

கடைக்காரர் கஜபதி இரண்டு லேப்டாப்புகளை எடுத்து வைத்தார். ஒன்றில் பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தது. மெமரியைக் கூட அதனோடு பங்கு போட்டுக்கொள்ளும். சூடாகாது, சத்தம் போடாது, சார்ஜ் நாள் முழுக்க நிற்கும். இன்னொன்றில் தனி கிராபிக்ஸ் கார்டு, அதற்கென்று தனி மெமரி. ஆனால் கனம். கூட வரும் சார்ஜர் ஒரு செங்கல் அளவு. ஃபேன் சுற்றினால் அடுத்த அறைக்குக் கேட்கும். டிசைன் வேலைக்கு முதலாவதே தாராளம் என்ற கஜபதி, கேம் ஆடுவதாக இருந்தால் மட்டும் இரண்டாவதை யோசியுங்கள் என்றார்.

"யாரு, இவளா?" என்று சிரித்தான் சுதாகர். அதில் கேலி இல்லை, பிரியம்தான் இருந்தது. "இவளுக்கு மடியில வெச்சா சுடாம இருக்கணும். அது போதும்."

மடி சுடக் கூடாது என்று பார்க்கும் புருஷனிடம் என்னவென்று கேட்பது? பானுவும் சிரித்து வைத்தாள். முதலாவதற்கே பில் போட்டாயிற்று. சீல் உடைக்காமல் கொண்டுவந்தால் இன்று கடை மூடும் வரை மாற்றித் தருவதாகக் கஜபதி சொன்னது, அவளுடைய காதில் மட்டும்தான் விழுந்ததுபோல் இருந்தது.

கடையைவிட்டு இறங்குவதற்குள் அத்தை காஞ்சனாவிடமிருந்து போன் வந்துவிட்டது. நேரே மலைக்குப் போய் முருகன் பாதத்தில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமாம்.

சாமி பாதத்தில் வைத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அத்தையின் சட்டம். மலைக்குப் போய்வந்த மிக்ஸி ஒன்று, ஓடிய முதல் நாளே நின்றுபோய், இன்றைக்கும் பொட்டு வைத்த முகத்தோடு பரணில் உட்கார்ந்திருக்கிறது.

பைக் மலையேறியது. பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, அடுத்த வளைவில் சொல்லிவிடலாம், அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று பார்த்தாள். வளைவுகள்தான் தீர்ந்தன. மேலே, புதுக் கார் ஒன்று எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. குரங்கு ஒன்று பெட்டியை முறைத்துப் பார்த்தது. அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றார்கள். வரிசை இன்றைக்கென்று விறுவிறுவென நகர்ந்தது.

குருக்கள் பேர், நட்சத்திரம் கேட்டார். சுதாகர் சொல்லிவிட்டு, பெட்டிக்காகக் கையை நீட்டினான். பானு பெட்டியை விடவில்லை. அவன் மெல்ல இழுத்தான். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, குருக்கள் அடுத்தவரின் தட்டை வாங்கிக்கொண்டார். இருவரும் தூணோரம் ஒதுங்கினார்கள்.

"இன்னா பானு?"

"ஒண்ணுமில்ல பாவா."

சுதாகர் தட்டைக் கீழே வைத்தான்.

"கல்யாணம் ஆனதிலிருந்து எதைக் கேட்டாலும் உங்க இஷ்டம், உங்க இஷ்டம்னே சொல்லிகினு இருக்க. சேலை எடுத்தாலும் அதான், ஓட்டலுக்குப் போனாலும் அதான். கடையில கூட உன் மூஞ்சியத்தான் பார்த்துகினு இருந்தேன், எதுனா சொல்லுவியான்னு. நானா ஒவ்வொண்ணும் வாங்கிட்டு, உனக்குப் புடிச்சுதா இல்லையான்னு தெரியாம முழிக்கிறேன். ஒரே ஒரு தபா, இது வேணும்னு கேளேன்."

அவன் குரலில் இருந்தது கோபமில்லை, ஏக்கம். தன்னைப்போலவே இவனும் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தானா என்று பானுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்கு கார் ரேஸ் ஆடணும் பாவா" என்றாள். "தனி கார்டு இருக்குதே, அந்தக் கனமான லேப்டாப், அதுதான் எனக்கு வேணும். மடி சுட்டா சுடட்டும்."