மற்றத் தோளுக்கு ஒன்று

என் வீட்டுக்காரன் மெர்வின் புதையல் ஆசையில் மெட்டல் டிடெக்டர் வாங்கவில்லை. என் ஒற்றைக் கம்மலுக்காக வாங்கினான். கல்யாணத்துக்கு முன் அவன் தந்த ஜோடியில் ஒன்றை ஊர் ஓரத்துப் பார்லி வயலின் வேலியோரம் தொலைத்தேன். அங்கே எங்களுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேறு வாங்கலாமே என்றால், "அது அங்கதான் கெடக்கு. எடுத்துத் தரேன்னு சொன்னேன்ல?" என்பான். உடும்புப்பிடி.

கிடைத்ததெல்லாம் பித்தளைப் பொத்தானும் டிராக்டர் நட்டும்தான். இப்போது அந்த வயல் காடாகப் போகிறது. திங்கட்கிழமை மரக்கன்று நட ஆரம்பித்துவிட்டால் பிறகு யாரும் தோண்ட முடியாது. அதனால் சனிக்கிழமை காலையிலேயே முட்டி வலியோடு அவனும், தேநீர் பிளாஸ்க்கோடு நானும் போய்விட்டோம்.

பாதி வேலி தாண்டியதும் கருவி கத்தியது. மண்ணிலிருந்து கம்மல் வரவில்லை. குட்டித் தட்டு மாதிரி குழிந்த, உடையில் குத்திக்கொள்ளும் ஒரு வெண்கல புரூச் வந்தது. நடுவில் நட்சத்திரம், ஓரத்தில் பொன்முலாம். எச்சில் தொட்டுத் துடைக்கப் போனவன் சட்டென்று நிறுத்தினான். பின்பக்க ஊசியின் துருவில் துணியின் நூல் ஒட்டியிருந்தது.

ஒரு முழம் தள்ளிக் கருவியை நீட்டினான். மறுபடி கத்தியது. அவன் முகம் மாறிவிட்டது.

"தோளுக்கு ஒண்ணா குத்துவாங்க, ஐரிஸ். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பொம்பளைங்க. பொதைக்கும்போதும் அப்படியேதான்."

"அதுக்கென்ன இப்போ?"

"அவ இங்க படுத்திருக்கா."

கல்லறை என்று தெரிந்தால் கையை எடுத்துவிட்டு அகழாய்வுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர்கள் வந்து கயிறு கட்டி, யாரையும் உள்ளே விடமாட்டார்கள்.

"மீதி வேலியையாவது பாத்துட்டுச் சொல்லலாமே?" என்றேன்.

"தூங்குறவ தலமாட்டுல நின்னு நோண்டச் சொல்றியா?"

புரூச்சை இருந்த இடத்திலேயே வைத்து, மண்ணைக் கையாலேயே தள்ளி மூடித் தட்டிக் கொடுத்தான். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"சொன்ன சொல்லக் காப்பாத்தல, ஐரிஸ்."

பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றி நீட்டினேன். "டீயக் குடி, மனுஷா" என்றேன்.

மரம் நடுவது தள்ளிப்போனது. அகழாய்வுக்காரர்கள் வந்தார்கள். இரண்டாவது புரூச்சை எடுத்த அன்று பிலிப்பா என்ற பெண் எங்களையும் கூப்பிட்டாள். அதில் முலாம் இல்லை. நட்சத்திரம் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது.

"ஜோடியே இல்லையேம்மா!" என்றான் மெர்வின். அவனுக்குத் தாங்கவில்லை.

பிலிப்பா சிரித்தாள். "ஒண்ணு தொலஞ்சிருக்கும் சார். யாரோ மிச்சமிருந்ததப் பாத்துப் பாத்து இன்னொண்ணு பண்ணியிருக்காங்க. கை வராத ஆளு, பாவம். ஆனா ஓரமெல்லாம் எப்படி மழுங்கியிருக்கு பாருங்க. ரொம்ப நாள் ஆசையாப் போட்டிருக்கா."

அந்த ஞாயிற்றுக்கிழமை மெர்வின் பின்கட்டுக் கொட்டகைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். உள்ளேயிருந்து சுத்தியல் சத்தமும் கெட்ட வார்த்தையும் மாறி மாறி வந்தன. சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்தபோது ஒரு விரலில் கட்டு. உள்ளங்கையில் செப்புக் கம்பியை வளைத்துச் செய்த ஏதோ ஒன்று.

"அந்தக் கம்மல் மாதிரி வரல" என்றான்.

மேசை இழுப்பறையைத் திறந்து பழைய ஒற்றையை எடுத்து ஒரு காதில் போட்டுக்கொண்டேன். மற்றக் காதை அவன் பக்கம் திருப்பினேன்.

"பேசாம மாட்டி விடு."