நசீருக்கு முதலில் சொன்னது

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பைக்கில் கிளம்பும்போது, இன்று முழுக்க இந்த மனிதர் எனக்குத்தான் என்று நினைத்தேன். என் கணவர் அறிவழகன் துபாயிலிருந்து லீவில் வந்து ஒரு மாதம் ஆகிறது. திரும்பப் போகப் போகிறாரா, இங்கேயே இருந்துவிடப் போகிறாரா? எப்போது கேட்டாலும் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார். வீட்டில் மாமியார், நாத்தனார், டிவி. கடலோரமாகப் பிச்சாவரம் வரை போனால் காற்றாட வாயைத் திறப்பார் என்பது என் கணக்கு.

திறந்தார். என்னிடம் இல்லை.

குடிகாட்டு கெமிக்கல் கம்பெனிகளின் வாசனையைத் தாண்டியதும் அவர் ஊருக்கெல்லாம் சொந்தக்காரர் ஆகிவிட்டார். சாமியார்பேட்டையில் கடலைப் பார்க்க இறங்கினோம். அவ்வளவு அழகான கடல். செருப்பைக் கழற்றி ஈர மணலில் நின்று திரும்பிப் பார்த்தால், இவர் சின்னையன் என்ற மீனவரோடு வலைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். சின்னையன் தங்கமான மனிதர். "வெயில்ல நிக்காத தங்கச்சி, படகு நெழல்ல ஒக்காரு" என்று தன் தூக்கிலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். மோர் குடித்தும் வயிறு எரிந்தது. இப்போதுதான் பெயர் தெரிந்த ஆளிடம் என்ன சிரிப்பு! என்னிடம் பேசினால் மட்டும் வார்த்தைக்கு வரி கட்ட வேண்டும் போல.

"கெளம்பலாமா மாமா?" என்றேன்.

"பரங்கிப்பேட்டைல நசீர் வூட்டுல ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நசீர் துபாயில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர். போன வருடம் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டார். நான் இவரோடு இருந்த காலத்தைவிட நசீர் இருந்த காலம்தான் அதிகம். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குச் சக்களத்தி பெயரைக் கேட்ட மாதிரி இருக்கும்.

பரங்கிப்பேட்டையில் வழி கேட்டவுடனே ஒருவர், "நசீர் வூடா? பின்னாலயே வாங்க" என்று தன் ஸ்கூட்டரில் முன்னால் போய் வாசலில் கொண்டுவந்து விட்டார். நசீர் "மச்சான்!" என்று ஓடிவந்து இவரைக் கட்டிக்கொண்டார்.

நசீரின் மனைவி சாய்ரா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். ஆண்களுக்கு முன்னறையில் சாப்பாடு, பெண்களுக்கு உள்ளறையில். நடுவில் ஒரு திரை. நெய்ச்சோறும் கறியும் பெரிய தட்டில் வந்தன. சஹன் என்கிறார்கள், சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அந்த ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். திரை விலகலில் பார்த்தேன். நான் குடித்து மிச்சம் வைத்த தண்ணீரை எச்சில் என்று கீழே கொட்டுகிற என் கணவர், நசீரோடு ஒரே தட்டில் அள்ளிக்கொண்டிருந்தார். நல்ல கறித்துண்டாகப் பார்த்து நசீர் பக்கம் தள்ளியும் விட்டார்.

அப்போதுதான் சொன்னார். "நான் திரும்பிப் போகல மச்சான். முடிவு பண்ணிட்டேன். கடலூர்லயே ஏசி மெக்கானிக் கடை போடறேன்."

ஒரு மாதமாகச் சாமி கும்பிட்டு நான் காத்திருந்த சொல். சந்தோஷத்தில் அழ வேண்டியவள் ஆத்திரத்தில் அழுதேன். எனக்குச் சொல்ல வேண்டியது முதலில் நசீருக்கா?

சாய்ரா ஒரு கறித்துண்டை என் பக்கம் தள்ளினாள். "நீங்க பரவால்லக்கா. இவரு லீவுல வரப்பல்லாம் எங்கிட்ட பேசுனத விட, போன்ல ஒங்க வூட்டுக்காரர்ட்ட பேசுனதுதான் ஜாஸ்தி. நானும் அழுதுருக்கேன். சாப்புடுங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் என் எரிச்சல் போகவில்லை.

கிள்ளையைத் தாண்டி உப்பங்கழி தெரிய ஆரம்பித்ததும் அவர் வண்டியை மெதுவாக்கினார். "இளவரசி, ஒண்ணு சொல்லணும். நான் திரும்பிப் போகல."

முதுகோடு ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது.

"என்னா மாமா? காத்துல ஒண்ணும் கேக்கல."

"துபாய்க்குப் போகலடி. ஒங்கூடத்தான் இருக்கப் போறேன்."

இந்த 'ஒங்கூடத்தான்' என்பதை நசீரிடம் சொல்லவில்லை. அதைக் கவனித்துக்கொண்டேன்.

"சத்தமாச் சொல்லுங்க."

வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, என் பக்கம் திரும்பி, முழுசாக, கத்திச் சொன்னார். எதிரே சைக்கிளில் வந்தவர் கேட்டுவிட்டு, "ரொம்ப சந்தோஷம்மா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

நசீருக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

"இன்னொரு தரம் சொல்லுங்க" என்றேன்.