போர்டில் பேர் எழுதாத லீடர்

என் மகள் செந்தமிழ்ச்செல்வி ஒன்பதாம் வகுப்பு லீடர் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. அவள் ஹாலுக்கும் பின்கட்டுக்கும் நடப்பாள். பார்த்துப் பார்த்து நானும் நடப்பேன்.

அவள் வகுப்பில் தேர்தல் வேறு மாதிரி. எல்லாரும் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். மிஸ் பேர் சொல்லச் சொல்ல, பிடித்தவர்கள் கை தூக்க வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று மிஸ்ஸுக்கு மட்டும்தான் தெரியும். செல்விக்காக ஓட்டுக் கேட்டது சரிதா. ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். மாணவர் பஸ்ஸில் தவளக்குப்பத்தில் ஏறுகிற சரிதா, அரியாங்குப்பத்தில் ஏறுகிற செல்விக்காகப் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டு வருவாள். பஸ்ஸில் அவள் பேசிய பேச்சை செல்வி எனக்கு நடித்தே காட்டினாள்.

"செல்விக்குப் போடுங்க. அவ யாரு பேரையும் போர்டுல எழுத மாட்டா. முகிலனுக்குப் போட்டீங்க, தும்முனாக்கூட எழுதுவான்."

முகிலன்தான் அதற்கு முந்தைய லீடர். போர்டில் பேர் எழுதுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மிஸ் வெளியே போனால் லீடர் சாக்பீஸோடு போர்டு பக்கத்தில் நிற்க வேண்டும். பேசுகிறவர் பேரை எழுத வேண்டும். அடங்காவிட்டால் பேருக்குப் பக்கத்தில் 'மிக'. அதற்கும் அடங்காவிட்டால் 'மிக மிக'. பேர் வந்தவர்கள் அடுத்த பீரியட் முழுக்க வராந்தாவில் நிற்க வேண்டும். முகிலன் தனக்கு ஆகாதவர்களைத்தான் எழுதுவான் என்று எல்லாருக்கும் கோபம். செல்வி ஜெயித்துவிட்டாள்.

அவளுடைய கிளாஸ் மிஸ் அஞ்சலாட்சிதான் கணக்கும் எடுக்கிறார். ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலையையும் அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். காலையில் அட்டெண்டன்ஸ் எடுத்ததும் ஆபீஸுக்குப் போய்விட்டு வந்துதான் கணக்கு ஆரம்பிப்பார்.

நான் கதிர்காமத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறேன். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் போனில் சரிதா அனுப்பிய கணக்கு நோட்டுப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கீழே, 'நீ வெளில நின்னப்ப நடத்துனது' என்று இருந்தது.

"வெளிய நின்னியா? எதுக்குடி?"

"லீடர்னா நிக்கணும்மா."

"எந்த ஊர்லடி லீடர நிக்க வைப்பாங்க?"

அப்புறம்தான் சொன்னாள். முதல் நாள் மிஸ் திரும்பி வந்தபோது போர்டு சுத்தமாக இருந்தது. சத்தமோ பக்கத்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் போயிருக்கிறது. "ஒருத்தர்கூட பேசலியா? அப்ப சத்தம் போட்டது நீதான். நீ போய் நில்லு" என்று மிஸ் சொல்லிவிட்டார். அதிலிருந்து தினமும் இவள்தான் வராந்தாவில் நிற்கிறாள்.

"புள்ளைங்க இன்னா சொல்லுதுங்க?"

"முத நாள் பாவம்னாங்க. இப்ப இன்னும் ஜாஸ்தி பேசுறாங்கம்மா. அதான் நிக்கறதுக்கு நான் இருக்கனே."

"சரிதா?"

செல்வி பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தாள். "அவதான் எல்லாரையும் விட ஜாஸ்தி பேசுறா. கேட்டா, நீதான எழுத மாட்டன்னு சொன்ன, அப்படிங்கறா. நான் எங்கம்மா சொன்னேன்? அவதான் சொன்னா. நான் சும்மா இருந்தேன்."

நான் வந்து மிஸ்ஸிடம் பேசுகிறேன் என்றேன். "நீ வந்தா நான் ஸ்கூலுக்கே போவ மாட்டேன்" என்றாள். லீடராகவும் இருக்க வேண்டும், கணக்கு வகுப்பும் தவறக் கூடாது, சரிதாவும் வேண்டும். அவள் கவலை அதுதான். நானும் இதையும் அதையும் யோசித்துத் தோசையைக் கருக்கிவிட்டேன்.

மறுநாள் கடையில் வேலை ஓடவில்லை. ஒரு பெரியவருக்கு ஒரே மாத்திரையை இரண்டு தடவை பில் போட்டேன். நல்லவேளை, அவரே பார்த்துச் சொல்லிவிட்டார். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் செல்வி வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. பையையும் இறக்கவில்லை.

"எழுதிட்டேன்."

"யார?"

"சரிதாவ. பக்கத்துல 'மிக மிக'ன்னும் போட்டேன்."

எழுதியதும் வகுப்பு அப்படியே அடங்கிவிட்டதாம். மிஸ் வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் நீ லீடர்" என்றாராம். சரிதா எழுந்து வெளியே போனாளாம். வீட்டுக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் இவளுக்கு சீட் போடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாளாம்.

"அம்மா, வண்டிய எடு. அவங்க வூட்டுக்குப் போலாம்."

"ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போலாம்டி."

"வேணாம். எடு."

கடலூர் ரோட்டில் அந்த நேரத்துக் கூட்டத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவது சாதாரணம் இல்லை. பின்னால் உட்கார்ந்தவள் என் தோளை விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். "தட்டாதடி" என்றால் கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடி தட்டினாள்.

சரிதாவின் அம்மா லட்சுமி வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா. லீடரம்மாவும் வந்துட்டாங்களா? என் பொண்ணு வாய்க்கு அந்த போர்டு பத்தாது கண்ணு. இன்னும் ரெண்டு 'மிக' போட்டிருக்கலாம்."

"அம்மா, நீ சும்மாரு" என்று சரிதா உள்ளேயிருந்து வந்தாள். செல்வியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வாங்க ஆண்ட்டி" என்றாள்.

"நாலு நாளா நான் நின்னேன். நீ பேசிட்டே இருந்த. அதான் எழுதுனேன்" என்றாள் செல்வி.

"நிக்கறதுக்கு எனக்கு ஒண்ணுமில்லடி. நான் பேசுனது நெசம். நீ எழுதுனது சரிதான்."

"அப்பறம் ஏன் சீட் போடல?"

சரிதா கொடியில் இருந்த கிளிப்பை எடுத்துத் திறந்து மூடினாள். "எழுதிட்டு எங்க பக்கம் திரும்புன பாரு. எல்லாம் கப்சிப்புன்னு இருந்துச்சு. அப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"முகிலன் மூஞ்சி மாதிரி இருந்துச்சு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். லட்சுமி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆமாடி" என்றாள் செல்வி. "எனக்குப் புடிச்சிருந்துச்சு. எல்லாரும் என்னையே பாத்தாங்க. இன்னும் நாலு பேர எழுதலாம்னு தோணுச்சு. பேசாதவங்களக்கூட."

"தெரியும்" என்றாள் சரிதா.

"நாளைக்கு மிஸ் கிட்ட வேணாம்னு சொல்லிரட்டுமா?"

"சொன்னா முகிலன்தான் வருவான். லூசாடி நீ?"

"அப்ப நீ பேசாம இருப்பியா?"

"அதெப்படி இருக்க முடியும்? பேசுனா எழுது. பேசுனவங்கள மட்டும் எழுது. எழுதுறப்ப எங்களப் பாக்காத."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. லட்சுமி டீ போட உள்ளே போனாள். குடித்துவிட்டுக் கிளம்பினோம். வரும்போது செல்வி என் தோளைத் தட்டவில்லை. அதுவும் எனக்கு என்னவோ போல இருந்தது.

மறுநாள் காலையில் கடைக்கு நேரமாகியும் நான் அவளோடு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது. உள்ளே ஒரே நெரிசல். ஜன்னலோரம் சரிதா. பக்கத்து சீட்டில் அவள் பை இருந்தது. செல்வி ஏறி அந்த சீட்டுக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சரிதா பையை எடுக்கவில்லை. வேறு ஒரு பெண் உட்காரப் போனபோது, "ஆளு இருக்கு" என்று சொல்லிப் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ஆள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பஸ் கிளம்பியது. அது பாலத்துப் பக்கம் திரும்பும் வரைக்கும் எட்டி எட்டிப் பார்த்தேன். அதற்குள் அவள் உட்கார்ந்தாளா என்று தெரியவில்லை.