முதல் அகப்பை

"காய்ச்சல்னு சொல்லிருங்க ஐயரே. சோத்தை உங்க வீட்டுக்கே கொண்டாந்து தாரோம்."

"எனக்குக் காய்ச்சல் இல்லையே, அண்ணாச்சி."

"இந்த வெயில்ல நின்னா வந்துரும்லா!" வேதமாணிக்கம் சிரித்தார். சபைக் கமிட்டியில் மூத்தவர். களக்காட்டில் வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறார். செல்வின் ஐயர் சிரிக்கவில்லை.

அன்று அசனப் பண்டிகை. ஆராதனை முடிந்ததும் சபை முழுக்கக் கோயில் வளாகத்தில் பந்தியில் உட்காரும். சபையின் குருவானவரான ஐயர் ஜெபம் பண்ணி, முதல் அகப்பைச் சோற்றை மூத்தவர் இலையில் போட்ட பிறகுதான் மற்றவர்களுக்குப் பரிமாறுவார்கள்.

"போன ஐயர் போட்டாரே?"

"அவுக வேற. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன். நீங்க அகப்பையைத் தொட்டா பாதி சனம் எந்திச்சிரும். நாளைக்கே பேராயருக்கு மனு போவும். பெறவு அப்பாவை எங்கன கொண்டு வைப்பீக?"

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் காலியானபோது செல்வினின் அப்பாவும் அம்மாவும் மலையிறங்கி வந்தார்கள். மகனுக்குச் சபை தந்த குருமனையைத் தவிர அவர்களுக்கு வேறு கூரை இல்லை. அவர்கள் வந்த வாரமே, ஐயர் சேரிக்காரர் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பின் அவர் கையால் நற்கருணை வாங்க வருகிறவர்கள் ஞாயிறுக்கு ஞாயிறு குறைந்தார்கள். யாரும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. எதிர்ப்பட்டால் கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னார்கள். அந்த மரியாதை கதவில்லாத அறையைப்போல இருந்தது. அவர் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார்.

செல்வின் சோற்று அண்டாவின் முன் நின்று ஜெபித்தார். ஆமென் சொன்னதும் எல்லாத் தலைகளும் குருமனைப் பக்கம் திரும்பின, அவர் போகவேண்டிய வழியைக் காட்டுவதுபோல. அங்கே வாசலில் அப்பா நின்றார். பண்டிகைக்கென்று எடுத்த வேட்டியில் மடிப்புகூடக் கலையவில்லை. பந்திக்கு அவரை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.

செல்வின் அகப்பையை எடுத்தார்.

சோற்றை அள்ளினார். முதல் இலைக்குப் போய்க் குனிந்தார். வேதமாணிக்கம், வயிறு நிறைந்தவர் மறுசோறு வேண்டாமென்று மறிப்பதுபோல, வெற்று இலைமேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

சோற்றின் ஆவி இருவருக்கும் நடுவே ஏறியது. பின்னால் யாரோ எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அகப்பை கனத்தது. இனி அந்தச் சோற்றை அண்டாவிலும் திருப்பிப் போட முடியாது.

"அண்ணாச்சி," என்றார் செல்வின், பைய. "கையை எடுங்க."