‘பிறகு’ என்று எழுதிய தாள்

கொட்டகலை பஸாரில் போட்டோ கொப்பி கடை வைத்திருக்கும் சுதர்ஷினி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே விதியை மூன்றாவது முறையாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

"கிஷாந்த், கேளு. உன் சிறுத்தையோட அடி அஞ்சு. சேரோட கரடிக்கு உயிர் நாலு. அது செத்துரும். கரடியோட அடி மூணு, உன் சிறுத்தைக்கு உயிர் மூணு. அதுவும் செத்துரும். ரெண்டு கார்டையும் எடுத்து ஓரமா வைங்க. முடிஞ்சிச்சி."

"எப்படிக்கா முடியும்?" ஆட்டோ ஓட்டும் கிஷாந்த் சிறுத்தையின் மேல் விரலை ஊன்றியிருந்தான். "நான்தானே அடிக்கப் போனேன்? செத்த கரடி எழும்பி வந்து திருப்பி அடிக்குமா?"

எதிரில் இருந்த பேரின்பநாயகம் ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்தவர். பாடசாலை விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாததால் இந்த விளையாட்டில் சேர்ந்தவர். "பிள்ளை, என்ர கரடி போனது போனதுதான். ஆனா அவற்ற சிறுத்தையும் போகவேணும். நான் வேறொண்டும் கேக்கேல்லை" என்றார்.

சுதர்ஷினிக்குத் தலை வலித்தது. கொழும்பிலிருக்கும் மச்சாள் எட்டு மாதத்துக்கு முன் அனுப்பிய ஒரு பெட்டி கார்டில்தான் எல்லாம் தொடங்கியது. ஒவ்வொரு கார்டிலும் ஒரு மிருகம். இடப்பக்கம் அதன் அடி, வலப்பக்கம் அதன் உயிர். ஆடுகிறவருக்கு இருபது புள்ளி. ஒருவர் மிருகத்தை அனுப்பும்போது மற்றவர் தடுக்காவிட்டால் அடி முழுவதும் புள்ளியில் கழியும். தன் மிருகத்தை விட்டுத் தடுத்தால் இரண்டு மிருகங்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். நாற்பது பக்க ஆங்கில விதிப்புத்தகத்தை அவள்தான் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பார்த்துத் தமிழில் நாலு பக்கமாக்கி, கணினியில் அடித்து, எல்லாருக்கும் கொடுத்தாள். அன்றோடு, யாரும் கேட்காமலே நடுவராகவும் ஆகிவிட்டாள்.

அடையாள அட்டையைத் தலைகீழாக வைத்துக் கொப்பி கேட்கிறவர்களிடம் வராத கோபம், ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு ஆட வரும் இந்தப் பன்னிரண்டு பேரிடமும் வந்தது. போன மாதம் இதே கிஷாந்த், "அஞ்சுல நாலு போனா மிச்சம் ஒண்ணு எங்கக்கா போகும்? சேரோட புள்ளியில கழிங்க" என்று அரை மணி நேரம் நின்றான். மிச்சம் எங்கும் போகாது, தடுத்த மிருகத்தோடு சரி என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டை கட்டியது.

"ஒரே நேரத்துல அடிச்சிக்கும்டா. ஒரே நேரத்துல! தாள்ல எழுதித்தானே குடுத்திருக்கேன், படிக்கிறதே இல்லையா?"

"படிச்சிட்டுத்தான் பேசுறேன்." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து அவன் உரக்க வாசித்தான்: "'தாக்கும் மிருகம் தடுக்கும் மிருகத்தை அடிக்கும். பிறகு தடுக்கும் மிருகம் தாக்கிய மிருகத்தை அடிக்கும்.' பிறகுன்னு போட்டிருக்கீங்க. பிறகுன்னா செத்துப்போன பொறகுதானே?"

அவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அவள் அடித்த எழுத்துத்தான். ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக இருந்தது நீளமாகத் தெரிந்ததால் இரண்டாக உடைத்திருந்தாள். வாசிக்க நன்றாக இருக்கட்டும் என்று நடுவில் அந்தச் சொல்லைச் சேர்த்ததும் அவள்தான்.

"இது... என் பிழை" என்றாள். அந்த நேரத்தில் கிஷாந்தை விடத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

பக்கத்து மேசையில் ஜீவராணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள், அதிகம் பேசமாட்டாள்.

"அப்ப பொங்கல் போட்டியில இவன் சிறுத்தையும் செத்திருக்கணுமா?"

சுதர்ஷினி அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க அன்னிக்கிக் கலியாண வீட்டுக்குப் போயிருந்தீங்கக்கா. கடைசி ஆட்டம். என் எருமைக்கும் கரடி மாதிரியேதான், அடி மூணு, உயிர் நாலு. அத விட்டு சிறுத்தையைத் தடுத்தேன். இவன் இந்தத் தாளத்தான் காட்டினான். நீங்க எழுதினதுன்னு நானும் பேசாம எருமையை மட்டும் எடுத்துட்டேன். எனக்கு நாலு புள்ளி இருந்திச்சி, இவனுக்கு ரெண்டுதான். சிறுத்தைய விட்டா இவனுக்கு மேசையில வேற மிருகம் இல்ல, கையிலயும் ஒரு கார்டு இல்ல. எங்கிட்ட ரெண்டு அடியோட கீரி நின்னிச்சி. சிறுத்தையும் செத்திருந்தா, அடுத்த சுத்துல கீரியை அனுப்பி நான் ஜெயிச்சிருப்பேன்."

"ரெண்டு மாசமாச்சி, அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?" என்றான் கிஷாந்த்.

"எனக்கு."

ஆசிரியர் மேசையில் விரலால் கணக்குப் போட்டார். "பிள்ளை சொல்லுறது சரி" என்றார்.

"அப்படிப் பாத்தா எட்டு மாசத்து ஆட்டத்தையும் திருப்பி ஆடணும்! தாள்ல உள்ளபடிதானே ஆடினேன்? நான் கள்ளம் பண்ணலயே."

"நீ பண்ணல, நான்தான் பண்ணினேன்." சுதர்ஷினி மேசை லாச்சியைத் திறந்தாள். பொங்கல் போட்டிப் பரிசாக கிஷாந்துக்குப் போனது போன்ற தங்க நாகம் ஒன்று அவளிடமும் இருந்தது. யாரையும் தொடவிடாத கார்டு. அதை ஜீவராணியிடம் நீட்டினாள்.

ஜீவராணி வாங்கவில்லை. "உங்க நாகம் எனக்கு எதுக்குக்கா? அவனோடதும் வேணாம். தோத்தேன்னு அவன் வாயால சொல்லட்டும்."

கிஷாந்த் கூரையைப் பார்த்தான். வெளியே நிறுத்தியிருந்த ஆட்டோவைப் பார்த்தான். எல்லா மேசையிலும் ஆட்டம் நின்றிருந்தது.

"சரி. தோத்தேன்."

"யாருகிட்ட?"

"உங்ககிட்டதான்க்கா. ஜீவராணி அக்காகிட்ட தோத்தேன். போதுமா?" தன் சிறுத்தையை எடுத்து, ஆசிரியரின் கரடிக்குப் பக்கத்தில் ஓரமாக, வேண்டுமென்றே சத்தம் வர வைத்தான். ஜீவராணி உட்கார்ந்து தன் ஆட்டத்தைத் தொடர்ந்தாள். அவள் முகம் காதுவரை சிவந்திருந்தது.

ஐந்து மணிக்கு எல்லாரும் போன பின் சுதர்ஷினி கணினியைத் திறந்து 'பிறகு'வை அழித்தாள். 'அதே நேரத்தில்' என்று அடித்தாள். கொப்பி எடுக்குமுன், பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஆசிரியரிடம் நாலு பக்கத்தையும் கொடுத்தாள்.

"ஒருக்கா பாருங்க சேர்."

அவர் சிவப்புப் பேனையை எடுத்தார். முதல் பக்கத்திலேயே நின்றார். "பிள்ளை, காயம் ஆறுறது சுத்து முடியேக்கையா, அடுத்த சுத்து துவங்கேக்கையா? ரெண்டு இடத்தில ரெண்டு விதமா இருக்கு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"இன்னும் எத்தன சேர்?"

"இது முதல் பக்கம்தானே" என்றார் அவர்.

சுதர்ஷினி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.